தகடு நெளியாமல் ஒட்டுவது

கிளிவெட்டிப் பக்கத்து வாகனங்களைக் கறள் கீழிருந்துதான் தின்னத் தொடங்கும். வயல் வாய்க்கால் சேறு மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக் காய்ந்து, அடுத்த மழையில் மறுபடி ஊறும். உரமூடை ஏற்றிய பெட்டியில் சிந்திய மணிகள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். மூதூரிலிருந்து ஐஸ் போட்ட மீன் ஏற்றிவரும் வானின் தரையில் உப்புத்தண்ணீர் வடிந்தபடியே இருக்கும். மிச்சத்தைக் கொட்டியாரக் குடாவின் காற்று செய்துவிடும். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, கரையோர வீதியால் திருகோணமலைக்குப் போன வண்டிகள் அங்கே பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தன. அந்தக் காலத்து வண்டிகளில் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றின் மடிப்புகளில் புகுந்த உப்பும் அப்படியே இருக்கிறது.

புது வண்டி வாங்கி இதிலிருந்து தப்பலாம் என்ற வழியும் பலருக்கு இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததை ஒட்டித்தான் ஓடினார்கள். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்ந்து நிற்கும் விலை வயற்காரரின் கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே ஒரு கிராமத்துக் கராஜில் நடக்கும் தகட்டு வேலை ஒரு குடும்பத்தின் உழைப்பு வண்டியை இன்னும் பத்து வருடம் ஓடவைக்கிற வேலை. அதைச் சரியாகச் செய்ய வேண்டிய கடமை நமக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரியாகச் செய்வதற்கு எதிராக நிற்பது நெளிவு. உக்கிய இடத்தை வெட்டி எடுக்கிறோம், அளவாகப் புதுத் துண்டு வைக்கிறோம், வெல்டிங் பிடிக்கிறோம். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தால் ஒட்டு ஓடிய கோடு உள்ளே இழுத்து, இரண்டு பக்கமும் தகடு வீங்கி நிற்கிறது. கையால் அமத்தினால் ‘டப்’ என்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதன்மேல் அரை அங்குலத்துக்குப் பட்டி அப்பி, உரசி, பெயின்ற் அடித்தால் ஒரு மாரிக்குத் தாங்கும். தகடு அதிரும்போது பட்டி அதோடு சேர்ந்து வளையாது. வெடிப்பு விழும், வெடிப்பால் தண்ணீர் போகும், புதுத் தகடும் உக்கும்.

ஏன் நெளிகிறது

சூடாக்கினால் தகடு விரிகிறது, அதனால் நெளிகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விளக்கம். அதோடு நின்றுவிடுவதால்தான் தவறான பரிகாரங்களைத் தேடிப் போகிறோம். நடப்பது இதுதான். உருக்கு ஒரு பாகை சூடேறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 100 மில்லிமீற்றர் நீளமான கோடு ஒன்று 800 பாகைக்குச் சூடானால் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட விரியப் பார்க்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள தகடு குளிர்ந்து விறைப்பாக இருக்கிறது, விரிய விடாது. 600 பாகைக்கு மேலே உருக்கு தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். பலமிழந்த பகுதி பக்கவாட்டில் விரிய முடியாமல் தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. பிறகு ஆறும்போது எல்லா உருக்கையும் போல அதுவும் சுருங்கும். நசுங்கிய நீளத்திலிருந்து சுருங்குவதால், தொடங்கிய நீளத்தைவிடக் குறைந்த நீளத்தில்தான் வந்து நிற்கும். ஒட்டுக்கோடு கட்டையாகிவிட்டது, பக்கத்துத் தகடு பழைய நீளத்திலேயே இருக்கிறது. மிஞ்சின நீளம் போக்கிடமில்லாமல் மேலே எழுகிறது.

எவ்வளவு எழும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டு முனையும் அசையாமல் பிடித்த 300 மில்லிமீற்றர் தகட்டில் அரை மில்லிமீற்றர் நீளம் மிஞ்சினால், நடுவில் அது ஏழு மில்லிமீற்றருக்கு மேல் வில்லாக வளையும். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம், கைக்குத் தெரியும் வீக்கமாகிறது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால், ஒரு வெல்டிங் பொட்டைத் தேவையில்லாமல் இரண்டு தரம் சுடுவதற்குக் கை வராது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் எல்லாம் இரண்டு வேலைக்குள் அடங்கும். சுருக்கத்தைக் குறைப்பது முதலாவது. குறைத்த பிறகும் மிஞ்சுகிற சுருக்கத்தை, ஒட்டைச் சுத்தியலால் தட்டி விரித்துத் திருப்பி எடுப்பது இரண்டாவது. முதலாவதைப் பலரும் கொஞ்சமாவது செய்கிறார்கள். இரண்டாவதை விட்டுவிட்டுப் பட்டியைத் தேடுகிறார்கள்.

கோடு எங்கே ஓட வேண்டும்

வெல்டிங் பிளான்டைத் தொடுமுன் பாதி வெற்றி தீர்மானமாகிவிடும். உதாரணத்துக்கு, டொல்பின் என்று நாம் சொல்லும் பழைய டொயோட்டா ஹையேஸ் வானின் பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பக்கத் தகட்டை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் அது உக்காத டொல்பினைக் காண்பது அரிது. உக்கல் கையகலம் இருக்கும். வழக்கமாகச் செய்வது உக்கிய அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, அதே அளவு துண்டு வைப்பது. அப்படிச் செய்தால் மேல் ஒட்டு தட்டையான பரப்பின் நடுவில் வந்து விழும். தட்டையான இடத்துக்குத் தன்னைத் தாங்கும் விறைப்பு இல்லை. சிறு இழுப்புக்கும் தொய்ந்துவிடும். அதைவிட இன்னும் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்தில் ஓடும் மடிப்புக்கோட்டுக்கு ஓர் அங்குலம் கிட்டக் கொண்டுபோய் வெட்டுங்கள். நல்ல தகட்டை வெட்டி எறிவதற்கு மனம் வராதுதான். ஆனால் மடிப்பு ஒட்டைப் பிடித்து நிறுத்தும். வளைவான இடமும் அப்படியே. கம்பனி ஒட்டு ஓடும் விளிம்பு கிட்ட இருந்தால் அதுவரை போய்விடுவதே மேல்.

மூலைகளைக் கூராக விடவேண்டாம். இரண்டு ஒட்டு சந்திக்கும் கூர்மூலையில் இழுப்பு இரண்டு பக்கத்தாலும் வந்து குவியும். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். 20 மில்லிமீற்றர் ஆரைக்கு உருட்டி வெட்டுங்கள். புதுத் துண்டை முதலில் செய்து, வளைவைத் தட்டிச் சரிபார்த்து, அதை வண்டியில் வைத்து ஊசியால் கோடு கீறி, பிறகு வண்டியை வெட்டுங்கள். வண்டியை முதலில் வெட்டிவிட்டு ஓட்டைக்கு ஏற்றபடி துண்டு தேடுபவர் கடைசியில் மூன்று மில்லிமீற்றர் இடைவெளியை வெல்டிங்கால் நிரப்புவார். அந்த நிரப்பல் முழுவதும் சுருங்கப்போகிற உலோகம்.

துண்டுக்குத் தகடு எங்கே எடுப்பது? அதே மொடல் கழிவு வண்டியின் பனல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. தடிப்பும் ஒன்று, வளைவும் பாதி வந்திருக்கும். இல்லாவிட்டால் 20 கேஜ் உருக்குத் தகடு, அதாவது ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர். பல ஜப்பான் வண்டிகளின் வெளித்தகடு 0.7 முதல் 0.9 வரைதான் இருக்கும். 22 கேஜ் 0.7 அளவில் வரும். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி எடுத்த தகடு வெளிப்பனலுக்குத் தடிப்பு. தடித்த பக்கத்தை உருக்கப் போதுமான சூடு மெல்லிய பக்கத்தைத் துளைத்துவிடும். அதோடு பெற்றோல், டீசல் இருந்த பீப்பாயைக் கிரைண்டரால் வெட்டுவது உயிராபத்து. உள்ளே மிஞ்சும் ஆவி ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். கூரைத் தகரம் வேண்டவே வேண்டாம். மெல்லியது, துத்தநாகம் பூசியது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு இரவில் நடுக்கமும் காய்ச்சலும் வரும். துத்தநாகம் பூசிய பனலில் வேலை செய்தே ஆகவேண்டுமென்றால், ஒட்டும் இடத்தில் பூச்சை உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

வெளித்தகட்டுக்கு விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து ஒட்டுவதையே நான் சொல்வேன். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவது சுலபம், நெளிவும் குறைவு. வேறு ஊரில் அது போதும் என்று விடலாம். கொட்டியாரத்தில் அந்த இரட்டைத் தகட்டின் நடுவில் உப்பு ஈரம் புகுந்து தங்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். தரைத்தகட்டுக்கும் படிக்கட்டுக்குக் கீழேயுள்ள பெட்டிப் பகுதிக்கும் ஏற்றி ஒட்டலாம். அங்கே மேல் தகட்டில் 6 முதல் 8 மில்லிமீற்றர் துளை போட்டு, துளைக்குள்ளால் கீழ்த் தகட்டோடு ஒட்டி, இடையில் துத்தநாக பிரைமர் பூசி, முடிந்த பிறகு விளிம்பைச் சீலர் போட்டு அடையுங்கள். கம்பனியில் செய்வதும் இந்த வகைதான். பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் என்பவர் 1912இல் தொடங்கிய கம்பனி, 1914இல் டொட்ஜ் கார்களுக்கு முழு உருக்கு உடல் செய்து கொடுத்தது. அன்றிலிருந்து வாகன உடலின் தகடுகளைப் பெரும்பாலும் விளிம்பு மடிப்புகளில் பொட்டுப் பொட்டாகத்தான் சேர்த்துவருகிறார்கள். ஒவ்வொரு பொட்டுக்கும் மின்சாரம் ஒரு விநாடிக்கும் குறைவாகவே பாய்கிறது. சூடு பரவ நேரமே கொடுப்பதில்லை. கையால் செய்யும் நாமும் அந்தப் பக்கமாகத்தான் போகவேண்டும்.

பிளான்ட், கம்பி, காற்று

இப்போது விலை குறைந்த மிக் பிளான்டுகள் கிராமத்துக்கும் வந்துவிட்டன. 0.6 மில்லிமீற்றர் கம்பி கிடைத்தால் அதுதான், இல்லாவிட்டால் 0.8. கம்பி தடிக்கத் தடிக்க அதை உருக்கும் சூடும் கூடும். 0.9 தகட்டுக்கு 40 முதல் 60 அம்பியரில் தொடங்கி, ஒரே தடிப்புள்ள கழிவுத் தகட்டில் பிடித்துப் பாருங்கள். பொட்டு வைத்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் சின்னதாகப் பிதுங்கியிருக்க வேண்டும். பின்னால் ஒன்றும் தெரியாமல் முன்னால் உருண்டையாகக் குவிந்திருந்தால் சூடு போதாது. இங்கே பலர் பயந்து அம்பியரைக் குறைக்கிறார்கள். அது பிழையான சிக்கனம். குறைந்த அம்பியரில் நேரம் கூடப் பிடிப்பதைவிட, கொஞ்சம் கூடின அம்பியரில் அரை விநாடி பிடிப்பதே தகட்டுக்குக் குறைந்த சூடு. காஸ் விடயத்தில் தனிக் காபனீரொட்சைட்டை விட ஆகன் கலந்தது மெல்லிய தகட்டுக்கு நல்லது. ஒட்டு தட்டையாக விழும், தெறிப்பும் குறைவு.

மே, ஜூனில் கச்சான் எழும்பிவிட்டால் இந்தப் பக்கத்தில் திறந்த கொட்டிலில் மிக் பிடிப்பது பெரும் சிரமம். காற்று காஸைத் தள்ளிவிடும், ஒட்டு முழுக்கப் பொத்தல் விழும். பொத்தலை உரசி மறுபடி ஒட்டினால் அதே இடத்துக்கு இரண்டு மடங்கு சூடு, இரண்டு மடங்கு சுருக்கம். காஸைக் கூடத் திறந்துவிடுவது பரிகாரம் இல்லை. அளவுக்கு மீறித் திறந்தால் காஸ் சுழன்று வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். மூன்று பக்கமும் தறப்பாள் கட்டுங்கள். தறப்பாளில் பொறி படாத தூரம் பார்த்துக்கொள்ளுங்கள். காஸ் இல்லாத கம்பி காற்றுக்குத் தாங்கும் என்றாலும் தகட்டுக்குச் சூடு கூட. வெளிப்பனலுக்கு அதை நான் விரும்புவதில்லை.

மின்சாரத்தையும் கவனியுங்கள். பின்னேரத்தில் ஊர் முழுவதும் விளக்குப் போடும் நேரம் வோல்ற்றேஜ் இறங்கும். வீட்டிலிருந்து மெல்லிய வயரில் நீளமாக இழுத்த இணைப்பு அதை இன்னும் இறக்கும். பொட்டு ஊடுருவாமல் மேலே குந்தியிருக்கும். அதை மறுபடி சுட வேண்டிவரும். வெளித்தகட்டு வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வயரைத் தடிப்பாகவும் கட்டையாகவும் எடுங்கள்.

சாதாரண ஆர்க் பிளான்ட் மட்டும் வைத்திருப்பவர்கள் உண்டு. 2.5 மில்லிமீற்றர் கூர் வெளித்தகட்டைத் துளைத்துவிடும். 1.6 மில்லிமீற்றர் கூர் கிடைத்தால் 30, 40 அம்பியரில் தரைத்தகட்டையும் பெட்டிப் பகுதியையும் ஏற்றி ஒட்டலாம். வெளிப்பனலை மிக் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

காஸ் வெல்டிங்கில் கை தேர்ந்த பழைய பாஸ்மாரை நான் மிகவும் மதிக்கிறேன். அசற்றலீன் சுவாலை 3,100 பாகைக்கு எரிந்தாலும் மின்வில்லைப் போல ஓரிடத்தில் குவியாது, சூடு அகலமாகப் பரவும். நெளிவு கூடுவது அதனால்தான். ஆனால் காஸ் ஒட்டு மென்மையானது, சுத்தியலுக்கு நன்றாக விரிந்துகொடுக்கும். மிக் ஒட்டு விறைப்பானது. மிகச் சிறிய முனை போட்டு, இடைவெளியே இல்லாமல் முட்ட வைத்து, ஓர் அங்குலம் பிடித்தவுடன் தட்டிக்கொண்டு போகும் பழைய முறையில் செய்த ஒட்டு, பட்டியே தேவைப்படாத அளவுக்கு வரும். அந்தக் கைவேலை தெரிந்தவர் உங்கள் ஊரில் இருந்தால் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுங்கள்.

பொட்டு வைக்கும் ஒழுங்கு

ஒட்டும் இடத்தின் இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், ஓர் அங்குலத்துக்குப் பெயின்ற், கறள், அண்டர்சீல் எல்லாம் போய் வெள்ளை உலோகம் தெரியவேண்டும். மிக்குக்கு இடைவெளி தகட்டின் தடிப்பளவு, ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போகாமல். கட்டிங் டிஸ்க்கின் தடிப்பே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், நேர்க்கோடு வரும் இடத்தில் இரண்டு தகட்டையும் ஏற்றிப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினால் இடைவெளி தானாக வரும். இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கிளாம்ப் போடுங்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியின் செப்புக்குழாயை நெருப்பில் காட்டித் தட்டையாக்கி, பின்னால் அண்டிப் பிடித்தால் செப்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். உருக்கு அதில் ஒட்டவும் ஒட்டாது.

300 மில்லிமீற்றர் கோடு என்று வைப்போம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பொட்டு. பிறகு நடுவில் ஒன்று. பிறகு இரண்டு பாதியின் நடுவிலும். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு பொட்டும் அரை விநாடி முதல் ஒரு விநாடி, அதற்குமேல் இல்லை. ஒரு பொட்டு வைத்தால் அடுத்தது அதிலிருந்து எட்ட விழ வேண்டும். முதல் எட்டு, ஒன்பது பொட்டு முடிந்ததும் கிளாம்பைக் கழற்றிவிட்டு மட்டத்தைப் பாருங்கள். ஏதாவது விளிம்பு ஏறியிருந்தால் இப்போது தட்டிச் சரிசெய்ய வேண்டும், பிறகு முடியாது.

பொட்டுக்கும் பொட்டுக்கும் எவ்வளவு நேரம் பொறுப்பது? முந்தின பொட்டுக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்தால் சுடாமல் இருக்கும்வரை. கணக்காகச் சொன்னால், 5 மில்லிமீற்றர் பொட்டு அறுபது சேர்ந்துதான் 300 மில்லிமீற்றர் கோடு மூடும். அறுபது பொட்டுக்கு வில் எரியும் நேரம் முழுவதும் கூட்டினால் ஒரு நிமிடந்தான். ஆனால் வேலை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். மிச்சமெல்லாம் ஆறும் நேரம். அந்த நேரத்தில் வானின் மற்றப் பக்கத்தில் இன்னொரு துண்டுக்குப் பொட்டு வைக்கலாம். வாசலில் நின்று “அண்ணே, நாளைக்கு நெல்லு ஏத்தணும், இப்பவே முடிச்சுத் தாங்க” என்று கேட்பவரிடம், “தம்பி, இண்டைக்கு அவசரப்பட்டா அடுத்த மாரிக்குத் திரும்பவும் வருவீங்க” என்று சொல்லி உட்காரவையுங்கள். அறுவடைக்காலத்தின் அவசரம் எனக்குத் தெரியும். தரைத்தகட்டில் அவசரம் காட்டலாம், வெளிப்பனலில் இல்லை.

சூடு எவ்வளவு பரவியது என்பதைத் தகடே காட்டிக்கொடுக்கும். ஒட்டின் இரண்டு பக்கமும் நீலம் பாய்ந்த பட்டை ஒன்று விழும். நீலம் என்றால் ஏறத்தாழ 300 பாகை. பட்டை ஒட்டை நெருங்கி மெல்லியதாக இருந்தால் நன்றாகப் போகிறது. விரலகலத்துக்குப் போனால் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிடுங்கள்.

ஈரத்துணி போட்டு உடனே குளிரவைப்பது பற்றி எப்போதும் வாக்குவாதம் நடக்கும். பக்கத்துக் கண்ணாடியையும் இறப்பரையும் காப்பாற்ற, ஒட்டிலிருந்து எட்ட ஈரத்துணி வைப்பதில் பிழையில்லை. ஒட்டின்மேலே தண்ணீர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒட்டு எப்படியும் சுருங்கத்தான் போகிறது. திடீரென்று குளிரவைப்பது தகட்டைச் சுருக்க விரும்பும்போது வேண்டுமென்றே செய்கிற வேலை. அதோடு இடைவெளியில் தங்கும் ஈரம் அடுத்த பொட்டைப் பொத்தலாக்கும். பொறுக்க முடியாதவர் கொம்பிரசர் காற்றைக் கொஞ்சம் காட்டட்டும்.

விரித்தெடுப்பது

பொட்டுகள் அரைவாசி நிரம்பும்போதே சுத்தியல் வேலை தொடங்க வேண்டும். ஆறிய பொட்டுகளின் தலையை மெல்லிய கட்டிங் டிஸ்க்கின் விளிம்பால் சீவுங்கள். முன்னும் பின்னும், தகட்டின் மட்டத்துக்கு மயிரிழை மேலே நிற்கும்படி. தடித்த கிரைண்டிங் டிஸ்க்கை அகலமாக வைத்து அழுத்தினால் உரசும் சூடே இன்னொரு வெல்டிங் பிடித்ததற்குச் சமன். நன்றாக ஒட்டி, உரசும்போது தகட்டை நீலமாக்கி நெளியவிட்ட வேலைகளை நிறையப் பார்க்கலாம். உரசுவதையும் ஓரிடத்தில் நில்லாமல் மாறி மாறிச் செய்யுங்கள்.

தலை சீவியானதும் டொலி என்னும் இரும்புக் கட்டையைப் பின்னால் ஒட்டுக்கு நேரே அண்டிப் பிடித்து, முன்னால் தட்டைமுகச் சுத்தியலால் ஒட்டின்மேலேயே தட்டுங்கள். சுத்தியலுக்கும் டொலிக்கும் நடுவில் அகப்படும் உலோகம் நசுங்கி விரியும். சரியாக விழுந்தால் சத்தம் கணீரென்று கேட்கும். டொலி விலகியிருந்தால் சத்தம் மொக்கையாகும், தகடு பள்ளமாகும். பலமாக அடிக்க வேண்டியதில்லை. பல சிறிய அடிகள். பொட்டையும் அதைச் சுற்றி நீலம் பாய்ந்த பட்டையையும் மட்டும். பட்டைக்கு வெளியே உள்ள தகடு சுருங்கவில்லை, அதைத் தொடாதீர்கள். கொஞ்சம் தட்டிவிட்டு ஒரு மெல்லிய துணியைத் தகட்டில் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை நீளமாக ஓட்டுங்கள். கண் பிடிக்காத பள்ளத்தைக் கை பிடிக்கும். ஒட்டுக்கோடு பக்கத்தோடு மட்டமாகி, வீக்கம் தானாக இறங்குவதை உணர்வீர்கள். அப்போது நிறுத்துங்கள். பிறகு அடுத்த சுற்றுப் பொட்டுகள், மறுபடி சீவல், மறுபடி தட்டல்.

டொலி போக வழியில்லாத மூடிய பெட்டிப் பகுதிகளில் இந்த வேலை நடக்காது. கோட்டை எங்கே ஓடவிடுவது என்று முதலில் தீர்மானிக்கும்போது, பின்னால் கை எட்டுமா என்பதையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். டொல்பினின் பின்பக்கத்தில் உள் கார்ட்போட்டைக் கழற்றினால் கை எட்டும். கழற்ற அரை மணித்தியாலம் செலவழியுங்கள்.

வேறு யாரோ ஒட்டி நெளிந்த வண்டி உங்களிடம் வந்தாலும் இதே வழிதான். ‘டப்’ என்று உள்ளே போய் வெளியே வரும் வீக்கத்தைக் கண்டதும், தகடு நீண்டுவிட்டது, சூடு காட்டிச் சுருக்குவோம் என்று பலர் காஸைப் பற்றவைக்கிறார்கள். அநேகமாக வீக்கத்தில் குற்றம் இல்லை. பக்கத்தில் சுருங்கிய ஒட்டுத்தான் குற்றவாளி. முதலில் ஒட்டை விரியுங்கள். ஒட்டு மட்டமான பிறகும் வீக்கம் நின்றால்தான், அதன் உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மங்கல் சிவப்பு வரும்வரை சூடாக்கி, சுற்றிவர மெல்லத் தட்டி, ஈரத்துணி வையுங்கள். ஒரு குற்றி வைத்து, முற்றாக ஆறவிட்டு, பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. புதிய வண்டிகளின் கதவுத்தூண், படிக்கட்டுப் பெட்டி போன்ற இடங்களில் அதிபல உருக்கு இருக்கும். அங்கே சுவாலையே காட்டக்கூடாது. அதன் பலம் போய்விடும், விபத்தில் உள்ளே இருப்பவரைக் காக்காது.

பற்றவைக்கும் முன்

இதைக் கடைசியில் எழுதினாலும் செய்யவேண்டியது முதலில். பற்றரியின் மறைமுனையைக் கழற்றுங்கள். ஹைபிரிட் வண்டியென்றால் செம்மஞ்சள் வயர் ஓடும் இடத்துக்குக் கிட்டப் போகுமுன், அதன் பெரிய பற்றரியைத் துண்டிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். ஓட்டோவில் பெற்றோல் தாங்கி இருக்கையின் அடியில் இருக்கிறது. தாங்கியைக் கழற்றி எட்டக் கொண்டுபோய் வைக்காமல் ஒரு பொட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சு, றெக்சின், அண்டர்சீல் எல்லாம் பற்றும். பக்கத்தில் ஒருவர் வாளித் தண்ணீரோடு நிற்கவேண்டும், வேலை முடிந்து அரை மணித்தியாலமாவது வண்டியை விட்டுப் போகக்கூடாது. பழகவரும் பிள்ளைகள் வெறுங்கண்ணால் வில்லைப் பார்க்க விடாதீர்கள். அவர்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது கராஜ்காரரின் பொறுப்பு.

ஒட்டு மட்டமானதும் அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். நம் காற்றில் வெறும் உருக்கு இரவு தாண்டினாலே செம்மை பூக்கும். பட்டி போட வேண்டியிருந்தால் ஒன்று, இரண்டு மில்லிமீற்றருக்குமேல் வேண்டாம். அதற்குமேல் தேவைப்பட்டால் சுத்தியல் வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள். பெயின்ற் காய்ந்த பிறகு ஒட்டின் பின்பக்கத்துக்கு மெழுகோ தடித்த எண்ணெயோ ஊற்றுங்கள். அங்கேதான் கறள் மறுபடி தொடங்கும். கம்பனி வைத்த வடிகால் ஓட்டைகள் அடியில் இருக்கும். நீங்கள் வைத்த புதுத் துண்டிலும் அதே இடத்தில் அவை இருக்கவேண்டும், சீலர் அவற்றை மூடியிருக்கக்கூடாது. வண்டிக்காரருக்கு அந்த ஓட்டைகளைக் காட்டிக்கொடுத்து, ஒவ்வொரு வருடமும் ஒக்ரோபர் மழைக்கு முன் ஒரு கம்பியால் குத்திச் சேற்றை எடுக்கச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.